ஆச்சி காதுக்குத் தப்பாத மழை: கானாடுகாத்தான் வீடொன்றின் ஒலிப்பதிவு குறித்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

கானாடுகாத்தானில் தெருவுக்குத் தெரு நீளும் பழைய நகரத்தார் வீடு அது. பங்காளிகள் சென்னையிலும் மலேசியாவிலும் இருக்கிறார்கள். படைப்பு (முன்னோர் வழிபாடு), கல்யாணம் என்றால்தான் கூடுவார்கள். வீட்டின் ஒரு பகுதியைப் பார்வையாளர்களுக்குத் திறந்துவிடுவது என்று முடிவானபோது, இரண்டாம் கட்டில் (வீட்டின் இரண்டாம் பகுதியில்) ஒரு சின்ன அறையை ஒலிக்கென்றே ஒதுக்கினார்கள். பாத்திரங்களும் படங்களும் மற்ற அறைகளில் இருக்கும். இந்த அறையில் வீட்டின் சத்தம் மட்டும்.

பதிவு செய்து தரும்படி கேட்கப்பட்டவை ஆறு: அம்மியில் அரைப்பது, உரலில் உலக்கை போடுவது, வளவில் (வீட்டின் நடு முற்றத்தில்) மழை, பெரிய சாவி போட்டு முகப்புக் கதவைத் திறப்பது, ஆத்தங்குடிப் பட்டறையில் பூக்கல் (பூ வேலைப்பாடுள்ள தரைக்கல்) வார்ப்பது, சாயங்கால ஊருணிக்கரை. பதிவாளர், தொகுப்பாளர் இருவருக்கும் குறும்படம், விளம்பரம் என்று நல்ல பழக்கம் உண்டு. பின்னால் வந்த பல சிக்கல்களுக்கு வேர் அந்தப் பழக்கத்தில்தான் இருந்தது. வசனப் பதிவில் பின்னணியைத் துடைத்துவிட்டுக் குரலைப் பளிச்சென்று எடுப்பதே திறமை. ஒரு வீட்டைப் பதிவு செய்யும்போது துடைத்தெறியப்படுவதில் பாதி அந்த வீடுதான்.

முதல் சுற்றுக்குக் கையடக்க ரெக்கார்டர் ஒன்று போதும் என்று முடிவு செய்தார்கள். அதில் 90 பாகையில் குறுக்காக நிற்கும் இரண்டு உள்மைக்குகள். பதிவு 48 கிலோஹெர்ட்ஸ் (நொடிக்கு 48,000 சாம்பிள்), 24 பிட். கருவியிலேயே 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் வடிகட்டி போடப்பட்டது. மைக்குக்கு ஃபோம் உறை மட்டும். தொகுப்பில் இரைச்சல் நீக்கும் மென்பொருளை அழுத்தமாகவே ஓட்டி, ஒவ்வொரு துண்டின் உச்சத்தையும் −1 டெசிபலுக்கு (பதிவு தாங்கும் எல்லை 0) ஏற்றி, 128 கிலோபிட் எம்பி3 ஆக்கிக் கொடுத்தார்கள்.

முதல் கேட்பில் தெரிந்தவை

வீட்டின் மூத்த ஆச்சியும், நெடுநாளாகச் சமையற்கட்டைப் பார்த்துக்கொள்ளும் அம்மாவும் உட்கார்ந்து கேட்டார்கள். அம்மிச் சத்தம் வந்ததும் ஆச்சி, “ஏப்பா தம்பி, நம்ம வீடு இப்படியெல்லாம் முழங்காதே. எந்த மண்டபத்துல எடுத்தீக?” என்றார். மழைக்கு இன்னும் கறாரான தீர்ப்பு: “மழைன்னு நீ சொன்னதால தெரியுது. இல்லாட்டி யாரோ வடை சுடுறாகன்னுதான் நெனச்சிருப்பேன்.” சமையல் பார்க்கும் அம்மாவுக்கு உலக்கைதான் உறுத்தியது. இடிக்கிறதில் கனமே இல்லை, குச்சியால் தட்டுவதுபோல் கேட்கிறது என்றார்.

இந்தச் சொற்களை அப்படியே குறித்துக்கொண்டது நல்லதாயிற்று. நேரில் கேட்டு வளர்ந்தவர் சொல்லும் குறை மேலோட்டமாகத் தெரிந்தாலும் பெரும்பாலும் ஓர் அளவையோடு நேராகப் பொருந்தும். முழக்கம் என்றால் மைக்கின் தூரம். கனமில்லை என்றால் கீழ்ச்சுரம் வெட்டப்பட்டிருக்கிறது. வடை என்றால் துளிகள் தனித்தனியாகப் பிரியவில்லை. குழு தன் காதால் கண்டுபிடித்தவை வேறு: அமைதியான இடங்களில் குருவிச் சத்தம் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் நெளிந்தது, சாவி திருகுவதும் மழையும் ஒரே உரப்பில் இருந்தன, அம்மிக்குப் பின்னால் யாரோ நடக்கும் ‘தும் தும்’ கேட்டது.

காரணம் தேடியது

அம்மியை முதலில் விசாரித்தார்கள். அதே வேளையில் படமும் எடுத்ததால், வெளிச்சம் நன்றாக விழும் பெரிய கூடத்துக்கு ஓர் அம்மியைத் தூக்கி வந்து, தரை கீறாமலிருக்கக் கோணிச் சாக்கின்மேல் வைத்து அரைத்திருக்கிறார்கள். மைக் 3 மீட்டர் தள்ளி இருந்தது.

அந்தக் கூடம் 12 மீட்டர் நீளம், 8 அகலம், 5 உயரம். கன அளவு 480 கன மீட்டர். தரையில் பூக்கல், சுவரில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெருகேற்றிய சுண்ணாம்புப் பூச்சு, மேலே தேக்கு. எல்லாமே ஒலியைத் திருப்பி அடிப்பவை. எதிர்முழக்கம் அடங்கும் நேரத்தை, அதாவது ஒலி 60 டெசிபல் இறங்கும் நேரத்தை, கணிக்க சபைனின் வாய்பாடு போதும்: 0.161-ஐக் கன அளவால் பெருக்கி, அறையின் மொத்த உட்கவர்தலால் (பரப்புகள் விழுங்கும் ஒலியின் அளவால்) வகுப்பது. உட்பரப்பு 392 சதுர மீட்டர். அதில் திறந்த கதவு, சன்னல் 12 சதுர மீட்டர். அதன் வழியே போகும் ஒலி திரும்பாது, ஆகவே முழுதாக 12. மிச்சம் 380-க்கு 0.04 வீதம் 15.2. கூட்டினால் 27.2. விடை ஏறத்தாழ 2.8 வினாடி. பலூன் ஒன்றை உடைத்துப் பதிவு செய்து, ஒலி −5 டெசிபலிலிருந்து −25-க்கு இறங்கும் நேரத்தை மூன்றால் பெருக்கிப் பார்த்தபோதும் அந்த ஒட்டிலேயே வந்தது.

இந்த எண்ணிலிருந்து அடுத்த எண் கிடைக்கிறது. கன அளவை அடங்கும் நேரத்தால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, 0.057-ஆல் பெருக்கினால், நேராக வரும் ஒலியும் சுவர்களில் பட்டு வரும் ஒலியும் சமமாகும் தூரம் தெரியும். இங்கே அது 75 சென்டிமீட்டர். ஒரு பக்கம் கூர்ந்து கேட்கும் கார்டியாய்டு மைக்குக்கு 1.7 மடங்கு, அதாவது 1.3 மீட்டர். 3 மீட்டரில் வைத்தால் எதிர்முழக்கம் நேரொலியைவிட ஏறக்குறைய 7 டெசிபல் மேலே நிற்கும்.

அதே 3 மீட்டரில் ஆச்சி உட்கார்ந்திருந்தால் முழக்கமாகத் தோன்றியிருக்காது என்பதுதான் புதியவர்களைக் குழப்பும் இடம். இரண்டு காதுக்கும் வரும் நேர வேறுபாட்டை வைத்து மூளை முதலில் வந்த ஒலியைப் பிடித்துக்கொண்டு, எல்லாத் திசையிலிருந்தும் பின்னால் வரும் எதிரொலியை அடக்கி வாசிக்கிறது. ஸ்பீக்கரில் கேட்கும்போது எல்லாத் திசை எதிரொலியும் முன்பக்கத்து இரண்டு பெட்டிகளிலிருந்தே வருகிறது. மூளைக்குப் பிரிக்க வழியில்லை. காது இருந்த இடத்திலேயே மைக்கை வைத்தால் காது கேட்டது கிடைக்காது. இன்னும் கிட்டே போகவேண்டும்.

மற்றக் குறைகள் ஒன்றிலிருந்து ஒன்று பிறந்தவை. கையடக்கக் கருவிகள் பலவற்றின் உள்மைக்குகளுக்குச் சொந்த இரைச்சல், அதாவது மைக் தானே எழுப்பும் ‘ஸ்ஸ்’, 20 டெசிபலுக்கு மேல். மத்தியான நேரத்து வளவின் அமைதி 30 டெசிபல் அளவுதான். ஒலியளவை ஏற்றியதும் மைக்கின் ‘ஸ்ஸ்’ மேலே வந்தது. அதைப் போக்க இரைச்சல் நீக்கி. அது இலைச் சலசலப்பையும் தூரத்துக் குருவியையும் இரைச்சலாகவே எடுத்துக்கொண்டு அரித்தது. மிச்சத்தை எம்பி3 இன்னும் மென்றது. தொடக்கத்தில் மைக் சரியாக இருந்திருந்தால் கடைசி மூன்று கட்டமும் தேவைப்பட்டிருக்காது.

எடுத்த முடிவுகள்

அம்மி அதன் சொந்த இடத்துக்கே போனது. சமையற்கட்டை ஒட்டி, ஒரு பக்கம் பின்முற்றத்துக்குத் திறந்த தாழ்வாரம் அது. சாக்கு கிடையாது. கல் தரையில் பதிந்து உட்கார்ந்தால்தான் குழவி உருளும் அடிச்சத்தம் தரையில் இறங்கும். படப்பிடிப்பை வேறு வேளைக்குத் தள்ளிவைத்தார்கள். இதற்கு வீட்டின் இளையவர்களிடம் கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. படத்துக்கும் ஒலிக்கும் ஒரே நேரம் ஒதுக்கினால் எப்போதும் விட்டுக்கொடுப்பது ஒலிதான்.

இரண்டு தொலைவிலிருந்து ஒரே சமயத்தில் பதிவு செய்வது என்று தீர்மானித்தார்கள். கிட்டத்து மைக் ஒன்று: கார்டியாய்டு, கல்லிலிருந்து 50 சென்டிமீட்டர், அரைப்பவரின் முகம் இருக்கும் உயரம், கல்லைக் குறிபார்க்காமல் 30 பாகை விலகி. நேராகக் குறிவைத்தால் மிளகாயும் மல்லியும் நொறுங்கும் கீச்சொலி மட்டும் மேலெழும். தூரத்து மைக் சோடி: 2.5 மீட்டரில், உட்கார்ந்திருப்பவரின் காது உயரத்தில். கிட்டத்தில் ஸ்டீரியோ சோடி வைக்கவில்லை. 50 சென்டிமீட்டரில் ஸ்டீரியோ எடுத்தால் அம்மி அறை அகலத்துக்கு விரிந்துவிடும்.

தூரத்துச் சோடிக்கு விலை மலிவான, ஆனால் சொந்த இரைச்சல் 14 டெசிபலே உள்ள பிரைமோ ஈஎம்272 வகைக் கேப்ஸ்யூல்கள் (உறையில்லாத குட்டி மைக்குகள்) இரண்டு. எல்லாத் திசையும் கேட்பவை. இவற்றை எடுத்ததற்குக் காரணம் விலை மட்டுமில்லை. எல்லாத் திசை மைக் காற்றுக்கும் கைபடும் சத்தத்துக்கும் கார்டியாய்டைவிடக் குறைவாகவே அசையும். கீழ்ச்சுரமும் அடிவரை வரும். திசை வேறுபாடு கிடைப்பதற்கு நடுவே ஒரு தட்டு நிறுத்தப்பட்டது. சுவிஸ் வானொலியில் பணியாற்றிய யூர்க் ஜெக்லின் வகுத்த முறை இது. முதல் வடிவில் தட்டின் விட்டம் 30 சென்டிமீட்டர், மைக்குகளுக்கு இடைவெளி 16.5. காரைக்குடித் தச்சர் ஒருவர் 6 மில்லிமீட்டர் பிளைவுட்டில் வட்டம் வெட்டிக் கொடுத்தார். இருபுறமும் ஃபோம் ஒட்டப்பட்டது. இடைவெளி மனிதத் தலையை ஒட்டியிருப்பதால் ஹெட்போனில் இயல்பாக விழுகிறது, ஸ்பீக்கரிலும் கெடுவதில்லை. காதுகளில் மைக் பொருத்திய முழுத் தலைப் பொம்மை வைத்தால் ஹெட்போனில் இன்னும் துல்லியம். ஸ்பீக்கரில் ஒலியின் சாயம் மாறிப்போகும். அறையில் இரண்டும் இருக்கப்போவதால் தட்டு.

பொருத்தும்போது கவனித்த சில்லறை விஷயங்கள்:

- முக்காலியின் கால்கள் பூக்கல் தரையில் நேராகப் படக்கூடாது. யார் நடந்தாலும் ‘தும்’ ஏறும். நான்காக மடித்த சாக்குத் துண்டு காலுக்கு ஒன்று. கேப்ஸ்யூல்களை ரப்பர் வளையத்தில் தொங்கவிட்டார்கள்.
- ஆடிக் காற்று வளவுக்குள் இறங்கினால் சுழலும். ஃபோம் தாங்காது. டீ வடிகட்டியின் கம்பிவலைக் கிண்ணங்கள் இரண்டை வாய்க்கு வாய் சேர்த்து, நடுவில் கேப்ஸ்யூல் காற்றில் நிற்கும்படி கட்டி, மேலே நீள மயிருள்ள செயற்கைத் துணி. வேலை செய்வது துணி மட்டுமில்லை, உள்ளே இருக்கும் அசையாத காற்றும்தான்.
- வடிகட்டி கருவியில் போடுவதில்லை. உலக்கையின் கனம் 60 முதல் 120 ஹெர்ட்ஸுக்குள் இருக்கிறது; 80-இல் வெட்டியதால்தான் குச்சித் தட்டல் ஆயிற்று. தேவைப்பட்டால் தொகுப்பில் 35 ஹெர்ட்ஸுக்குக் கீழே மட்டும்.
- ஒவ்வொரு மைக் நிலையிலும் யாரும் அசையாமல் இரண்டு நிமிடம் வெறும் இடத்தைப் பதிவு செய்வது. ஒட்டுப்போடும்போது வேறெதுவும் இதற்கு ஈடாகாது.

இரைச்சலை மென்பொருளில் நீக்காமல் நாளைத் தேர்ந்தெடுத்துத் தவிர்ப்பது அடுத்த முடிவு. மாதாந்திரப் பராமரிப்புக்கென்று மின்வாரியம் முன்கூட்டி அறிவிக்கும் மின்தடை நாள் இதற்கு வாய்ப்பாக அமைந்தது. தெரு முழுக்க மோட்டார், மாவு மில், மின்விசிறி, குளிர்பெட்டி எல்லாம் ஒன்றாக ஓயும். பக்கத்துத் தங்கும் விடுதிகளில் ஜெனரேட்டர் கிளம்பும். முன்னாலேயே போய்க் கேட்டால் அரை மணி நேரம் நிறுத்தித் தருகிறார்கள். மற்ற நாட்களில் வீட்டுக் குளிர்பெட்டியை மட்டும் அணைக்க நேர்ந்தால், அணைத்தவரின் வண்டிச் சாவியை அதற்குள்ளேயே வைத்துவிடுவது பழைய உத்தி. சாவியில்லாமல் கிளம்ப முடியாது. குளிர்பெட்டியை மறந்து பால் திரியவும் திரியாது.

எது இரைச்சல் என்பதில் வீட்டாருக்குள் ஒருமித்த கருத்து இல்லை. மோட்டார் சைக்கிள் கூடாது என்றவர்கள், செட்டிநாடு ஸ்டேஷனில் ரயில் ஊதுவது இருக்கட்டும் என்றார்கள். தவிட்டுக்குருவிக் கூட்டத்தின் கத்தலை எடுத்துவிடச் சொன்ன இளையவரை ஆச்சி அதட்டி உட்காரவைத்தார். குழு எடுத்த நிலை: பதிவின்போது விழுந்தது விழுந்தபடி, முற்றாகக் கெடுத்தால் அந்த எடுப்பையே விடுவது, பழைய காலம்போல் பாவனை செய்ய எதையும் சேர்ப்பதில்லை. அறை வாசலில், இந்தக் காலத்தில் பதிவு செய்தவை, அம்மியும் உலக்கையும் பதிவுக்கென்றே போடப்பட்டவை என்று எழுதிவைப்பது.

மழை

அதிக உழைப்பு இதற்குத்தான் போனது. மழையொலி எண்ணற்ற சின்னச் சின்ன அடிகளின் தொகை. வளவு முற்றத்தின் நடுவில் மைக்கை வைத்தால் நாலு பக்கத்து ஓட்டுச் சரிவும் ஏறத்தாழ ஒரே தூரம். எந்தத் துளியும் மற்றதைவிடக் கிட்டத்தில் இல்லை. எல்லாம் கலந்து சீரான இரைச்சலாகிவிடும். அதை எம்பி3 சுருக்கும்போது, ஒழுங்கற்ற மேல்சுரங்களுக்கு 128 கிலோபிட் போதாமல் நெளிவு வேறு சேரும். வடை சுடும் சத்தம் உருவாகும் வழி இது.

நேரில் நிற்கும் ஆளுக்கு ஒரு துளி ஒன்றரை முழத்தில் கல்லில் தெறிக்கும், இன்னொன்று எதிர்மூலையில் தகரத் தூம்பில் ஓடும். தூர வேறுபாடு இருந்தால்தான் அது மழை. ஆகவே மைக் நடுவிலிருந்து ஒரு மூலைக்குப் போனது. தாழ்வாரக் கூரைக்கு உள்ளே, சொட்டு விழும் கோட்டிலிருந்து 1.2 மீட்டர் பின்னால், உட்கார்ந்த காது உயரத்தில். இடப்பக்கம் நாட்டு ஓட்டிலிருந்து கருங்கல் விளிம்பில் விழும் சொட்டு. வலப்பக்கம் சற்றுத் தள்ளி, தூம்பு வாயிலிருந்து தண்ணீர் விழும் செப்பு அண்டா. மழைத் தண்ணீர் பிடிக்க அந்த இடத்தில்தான் அண்டா வைப்பார்கள் என்று காட்டியது சமையல் பார்க்கும் அம்மா. பின்புலமாக எதிர்ச்சரிவின் ஓடுகள் தாமாகவே கலந்துகொண்டன.

மயிர்த்துணி உறைமேல் ஒரு சாரல் பட்டாலும் ‘டப்’ என்று அடிக்கும். கம்பிவலையில் இரண்டு விரற்கடை கனத்துக்குத் தேங்காய் நாரைப் பரப்பி, உறைக்கு ஒரு சாண் மேலே தொங்கவிட்டார்கள். நாரில் விழும் துளி சிதறிச் சத்தமில்லாமல் இறங்கும். குடையோ பிளாஸ்டிக் தாளோ கட்டினால் அதுவே முரசாகிவிடும்.

ஒலியளவு இன்னொரு கண்ணி. முதல் துளிக்கு ஏற்றபடி வைத்தால் இடிக்குப் பதிவு எல்லை தாண்டி வெடிக்கும். கனமழையின் சராசரி −24 டெசிபலைச் சுற்றி நிற்கும்படி வைத்து, தொடக்கம் முதல் கடைசிவரை தொடவில்லை. 24 பிட்டில் இதனால் இழப்பு எதுவும் இல்லை. 32 பிட் மிதவைப் பதிவு உள்ள கருவியாக இருந்தால் இந்தக் கவலையே பாதி குறையும். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை பிடித்த பிறகு, காய்ந்த கல்லில் முதல் துளி, ஓட்டில் இரைச்சல் ஏறுவது, தூம்பு பொங்குவது, ஓய்ந்தபின் சொட்டு என்று வெட்டில்லாமல் ஒரே ஓட்டமாக ஒரு மழையைப் பிடித்தார்கள். பயன்பட்டதில் பெரும்பகுதி கனமழை அல்ல, அது தணியும் கட்டம். துளிகள் பிரிந்து விழுவது அப்போதுதான்.

அண்டாவைப் பற்றி ஒரு வார்த்தை. தண்ணீரில் துளி விழும் ‘ளக்’ என்ற ஒலியைத் தருவது துளியின் மோதல் இல்லை. அது உள்ளே இழுத்துச் செல்லும் காற்றுக்குமிழியின் துடிப்பு. ஒரு மில்லிமீட்டர் ஆரமுள்ள குமிழி 3.3 கிலோஹெர்ட்ஸ் அளவில் பாடும் என்பது மின்னார்ட் என்ற அறிவியலாளர் 1933-இல் காட்டிய கணக்கு. கூடவே, அண்டா நிறைய நிறைய உள்ளே இருக்கும் காற்றுத்தூண் குறுகி அதன் ஓசை மேலேறும். இரைச்சல் நீக்கி முதலில் விழுங்குவது இப்படிப்பட்ட நொடிநேர ஒலிகளைத்தான்; முதல் சுற்றில் இவை இருந்த தடமே இல்லை.

பட்டறையும் மற்றவையும்

ஆத்தங்குடியில் வேலை கண்ணாடிமேல் நடக்கிறது. எண்ணெய் தொட்டுத் துடைத்த கண்ணாடியில் இரும்புச் சட்டம், அதற்குள் பூ அச்சு, அச்சின் கண்களில் சாயச் சிமெண்ட் குழம்பு, அச்சை எடுத்தபின் மேலே உலர்ந்த மணல்-சிமெண்ட் தூவல், பிறகு ஈரக் கலவை, கரணையால் மட்டம். காய்ந்து தண்ணீரில் ஊறியபின் கண்ணாடியிலிருந்து கல் பிரியும். ஒவ்வொரு கட்டத்துக்கும் தனிச் சத்தம் உண்டு. குழம்பு ஊற்றுவது ஏறக்குறைய கேட்காது. சட்டம் கண்ணாடியில் உட்காரும் ‘ணங்’ திடீரென்று ஏறும், 40 சென்டிமீட்டரில் அது இரண்டு முறை பதிவை வெடிக்கவிட்டது. தூரத்தை 80 ஆக்கி, சராசரியை −30 டெசிபலுக்கு இறக்கினார்கள். வேலைக்காரர்கள் பேச்சை நிறுத்தச் சொல்லவில்லை. தங்கள் குரல் வருவதற்கு அவர்களிடம் முன்பே சம்மதம் கேட்டாகிவிட்டது.

கதவு எளிது. சாவி திருகுவதற்கு 60 சென்டிமீட்டர், கதவு திறந்து முகப்பு முழங்குவதற்கு 4 மீட்டர் உள்ளே. அந்த முழக்கம் வேண்டும். திறக்கும் கதவின் கனத்தைச் சொல்வது அதுதான்.

தொகுப்பு மேசை

கிட்டத்து மைக்குக்கு ஒலி முன்னதாகவே வந்துவிடுகிறது. 50 சென்டிமீட்டருக்கும் 2.5 மீட்டருக்கும் இடையே 2 மீட்டர், வெயில் காலக் காற்றில் ஒலி நொடிக்கு 348 மீட்டர், வித்தியாசம் 5.7 மில்லிநொடி, 48 கிலோஹெர்ட்ஸில் 276 சாம்பிள். கிட்டத்துத் தடத்தை அத்தனை தள்ளாமல் கலந்தால் சில சுரங்கள் ஒன்றையொன்று அழித்து, குழவி குழாய்க்குள் உருள்வதுபோல் ஆகும். தள்ளியபின் சோடியை முழு அளவில் வைத்து, கிட்டத்துத் தடத்தை அடியிலிருந்து ஏற்றி, அம்மி ‘இங்கே’ என்று தெளியும் புள்ளியில் நிறுத்தினார்கள். அதற்குமேல் 2 டெசிபல் ஏற்றினாலும் அறை மறைந்து போயிற்று.

உச்சத்தை ஏற்றிச் சமன் செய்யும் வேலை அறவே கைவிடப்பட்டது. மாற்றுமுறை: தூரத்துச் சோடியின் பதிவு அளவைக் குறியிட்டு வைத்து வீட்டுப் பதிவுகள் அனைத்துக்கும் அதையே வைத்துக்கொள்வது, கனமழை சீராகப் பெய்யும்போது மைக் பக்கத்தில் ஒலி அளவுமானியில் எத்தனை டெசிபல் என்று எழுதிக்கொள்வது, அறையில் அதே மழையை ஓட்டி, கேட்பவர் உட்காரும் இடத்தில் அளவுமானி அதே எண்ணைக் காட்டும்வரை ஆம்ப்ளிஃபயரைத் திருகி, குமிழில் டேப் ஒட்டிவிடுவது. மழை சரியானால் அம்மி, உலக்கை, கதவு எல்லாம் தம் அளவில் தாமே வந்து நிற்கும். பட்டறைப் பதிவுக்கு மட்டும் இறக்கிய அளவைத் தொகுப்பில் அப்படியே திரும்ப ஏற்ற வேண்டியிருந்தது. அசல் அளவுக்கு இவ்வளவு மெனக்கெடக் காரணம் உண்டு. ஒலியைக் குறைத்துக் கேட்டால் காது கீழ்ச்சுரத்தை நடுச்சுரத்தைவிட வேகமாக இழக்கும். சரியான பதிவுகூட மெலிந்துபோகும்.

கேட்கும் அறை

ஒலி அறையும் அதே சுண்ணாம்புச் சுவர்தான். பதிவில் ஒரு வீடு, கேட்கும் இடத்தில் இன்னொரு வீடு என்று முழக்கம் இரட்டிக்கும். ஸ்பீக்கர்களைச் சுவரோரமிருந்து எடுத்து, இருக்கையிலிருந்து 80 சென்டிமீட்டரில் வைத்தார்கள். பின்சுவரில் இரண்டடுக்கு ஜமுக்காளம், சுவருக்கும் அதற்கும் ஒரு சாண் இடைவெளி விட்டு. தரையில் கோரைப்பாய் போட்டது கண்ணுக்குத்தான். ஒலிக்கு அதனால் பெரிய மாற்றம் இல்லை. ஸ்பீக்கருக்கென்று தனிக் கலவை: தூரத்துச் சோடி 4 டெசிபல் கம்மி. ஹெட்போனுக்குச் சோடி முழுதாக. கோப்புகள் சுருக்கப்படாத வேவ்.

விளைவு

பழைய மழையும் புதிய மழையும் எது எதென்று சொல்லாமல் மாற்றி மாற்றிப் போடப்பட்டன. ஆச்சி புதியதைக் கேட்டுவிட்டு, “இது சமையக்கட்டு மூலை. அண்டா முக்காவாசி ஆயிருச்சு, இன்னொன்ன எடுத்து வைக்கச் சொல்லு” என்றார். அம்மிக்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை. சமையல் பார்க்கும் அம்மாதான், அரைப்பவர் தண்ணீர் தெளிக்காமல் அரைக்கிறார் என்று குறை கண்டார். பதிவைக் குறை சொல்லாமல் அரைப்பவரைக் குறை சொன்னதைக் குழு வெற்றியாகவே கணக்கில் எழுதிக்கொண்டது. பட்டறைக்காரர் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு எந்தக் கட்டம் என்று வரிசையாகச் சொன்னார். குழம்பு ஊற்றும் இடம் மட்டும் தவறியது.

உலக்கை பாதி வெற்றிதான். பதிவில் கனம் இருக்கிறது, ஹெட்போனில் கேட்கிறது. நான்கு அங்குல ஸ்பீக்கரால் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே தள்ள முடியவில்லை. ஊருணிக்கரை கைவிடப்பட்டது. செம்பாறைப் படிகளுக்கு அப்பால் சாலை. எந்த வேளையிலும் வண்டிச் சத்தம் தவளையை மூடியது. வீட்டின் இளையவர்களில் ஒருவர் எல்லாமே சத்தம் குறைவு, ஏற்றுங்கள் என்று வற்புறுத்தினார். அளவு மாற்றப்படவில்லை, அதற்குப் பதிலாக, அறைக்குள் வந்ததும் முதல் ஒரு நிமிடம் வளவின் வெறும் அமைதி ஓடும்படி வைத்தார்கள். வெளிச்சத்தத்தில் மரத்த காது அதற்குள் இறங்கிவிடுவதால் பிறகு புகார் குறைந்தது.

மறுமுறை மாற்ற வேண்டியவை

ஆச்சியையும் சமையற்கட்டு அம்மாவையும் கேட்பதற்கு மட்டும் உட்காரவைக்காமல், மைக் வைக்கும் இடத்தைக் காட்டுவதற்கே முதலில் அழைக்கவேண்டும். அண்டா மூலையும் அம்மியின் இடமும் அவர்களிடமிருந்து வந்தவை. பதிவுக்கு முன்பே கேட்டிருந்தால் முதல் சுற்றே வேண்டியிருக்காது. ஸ்பீக்கரா ஹெட்போனா என்பதையும் அப்போதே முடிவு செய்யவேண்டும், ஏனென்றால் மைக்கின் அமைப்பு அதைப் பொறுத்தது. உலக்கைக்கு எட்டு அங்குல ஸ்பீக்கர் ஒன்று தனியாக, தரையில் வைத்து.

மழைக்கால ஈரத்தில் கேப்ஸ்யூல்களில் ஒன்று ‘சட் சட்’ என்று பொரிய ஆரம்பித்தது. இவ்வகை (எலக்ட்ரெட்) மைக்கில் ஈரம் ஏறியதன் அடையாளம் அது; சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் ஓரிரவு வைத்ததும் சரியானது. அடுத்த ஐப்பசிக்கு நாலு கேப்ஸ்யூல், மணிக்கொரு முறை சோடி மாற்றுவது என்று குறித்திருக்கிறார்கள். மைக்குக்கு மேலே கட்டிய நார் வலையையும் ஒரு சாண் இன்னும் அகலமாக்க வேண்டும். காற்று அடித்த மழையில் இடப்பக்க உறை நனைந்துவிட்டது.